ஒரு கப்பலையும் மூழ்கடிக்காத நீர்மூழ்கி

சென்ற மாதம் மார்த்தெ தொலைபேசியில் அழைத்தாள். ஒஸ்லோவில் நான் வேலை செய்த கடல் நூதனசாலையில் இப்போது பார்வையாளர் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவள் அவள்தான். "ஒரு உதவி வேண்டும். சம்பளம் கிடையாது, கோப்பி உண்டு" என்றாள். ஓய்வுபெற்றவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் குடியிருக்கும் மோர்டென்ஸ்ருட்டில் ரயிலேறிப் போனேன்.

விஷயம் இதுதான். காட்சிக்கூடத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் விளக்கத்தை இனிமேல் கணினியே எல்லா மொழிகளிலும் பேசுமாம். தமிழும் உண்டாம். அது சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்டு நடந்தேன். சென்னைச் செய்தி வாசிப்பாளரைப் போல ஒரு பெண்குரல் கணீரென்று பேசியது. பாய்க்கப்பல்கள் வரைக்கும் பழுதில்லை. நீர்மூழ்கியின் மாதிரிக்கு முன்னால் வந்து நின்றதும் அந்தக் குரலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "வீரத்தின் சின்னமாகத் திகழ்ந்த இந்த நீர்மூழ்கி, போர்க்காலத்தில் அளப்பரிய சேவையாற்றியது" என்றது.

நான் கழற்றி மார்த்தெயின் கையில் கொடுத்தேன். "இதை முதலில் நிறுத்து. நோர்வேஜிய மொழியில் எழுதியதில் இப்படி ஒரு வார்த்தை கிடையாது. தமிழுக்கு வந்ததும் தானாகவே பூவும் பொட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது."

"அதனால் யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டாள்.

"ஏறக்குறைய இதே வசனத்தை நான் ஒருமுறை ஹவுகெட்டோவில் ஒரு மனிதரின் சமையலறையில் சொன்னேன்" என்றேன். மார்த்தெ கோப்பியை நிரப்பிவிட்டு உட்கார்ந்தாள். கதை முடிந்ததும், இதை எங்காவது எழுதிவையுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

நான் நோர்வேக்கு வந்த கதை எல்லாத் தமிழரும் சொல்கிற கதைதான். வடக்கே மீன் தொழிற்சாலை, விறைத்த விரல்கள், பிறகு ஒஸ்லோ. அதை இங்கே விட்டுவிடுகிறேன். நம்முடைய ஒன்றுகூடல்கள் எதற்குப் போனாலும் அதைச் சொல்வதற்கென்றே ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நிற்பார். நூதனசாலையில் முதலில் நுழைவுச்சீட்டு விற்றேன். விற்கும்போது கேள்விகளுக்குப் பதிலும் சொன்னதால், அதையே வேலையாகச் செய் என்று விசாரணைப் பிரிவில் கொண்டுபோய் இருத்தினார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு யன்னல். கடல் நூதனசாலை என்றாலும் எங்கள் யன்னலுக்கு வெளியே தெரிந்தது கார் நிறுத்துமிடம்.

வேலை என்னவென்றால், நாட்டின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் கேட்பார்கள்: எங்கள் தாத்தா இன்ன கப்பலில் போனாராம், அந்தக் கப்பலுக்கு என்ன நடந்தது? நோர்வேயில் பாதிப் பேருக்குக் கடலுக்குப் போன தாத்தா ஒருவர் இருக்கிறார். எல்லாத் தாத்தாவும் கப்டன்தான். உருளைக்கிழங்கு உரித்த தாத்தா ஒருவரைக்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. இருப்பதைத் தேடிப் பார்த்து, அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. அதை வகுத்தவர் எங்கள் தலைவி இங்குன். நெடிய மனுஷி. கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மத்தியானத்தில் இரண்டு துண்டுப் பாண், நடுவே பழுப்புச் சீஸ், அதற்கு மேல் வாழ்க்கையிடம் எதுவும் எதிர்பாராதவர். அவருடைய முறைப்படி, முதலில் எங்களுக்கு என்ன தெரியாது என்று சொல்ல வேண்டும். அடுத்து என்ன தெரியும் என்று சொல்ல வேண்டும். அதோடு நிறுத்த வேண்டும். கேட்பவர் சந்தோஷப்படுவாரா, அழுவாரா என்பது எங்கள் வேலையில் சேர்த்தி இல்லை. நான் எழுதிக் கொடுப்பதைப் பென்சிலோடு உட்கார்ந்து வாசிப்பார். 'துணிச்சலான மாலுமி' என்று இருந்தால் 'துணிச்சலான' மீது ஒரு கோடு விழும். "நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா?" என்பார். இல்லை என்பேன். "அப்படியென்றால் மாலுமி மட்டும் போதும்."

சம்மதம் சொல்லும்போது மூச்சை உள்ளே இழுத்தபடி 'யா' என்பார். வடக்கத்திய நோர்வேஜியருக்கு அது வழக்கம். மீன் தொழிற்சாலையின் இரைச்சலில் அது என் காதில் விழுந்ததில்லை. முதல் வாரம், அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று எண்ணி யன்னலைத் திறந்துவிட்டேன். அவர் எழுந்து வந்து மூடினார். நான் மறுபடி திறந்தேன். அந்த வாரம் முழுவதும் இருவரும் ஒருவரையொருவர் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்துக்கொண்டோம்.

இங்கே என்னுடைய இன்னொரு தொழிலையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுவது வழக்கம். ஒஸ்லோவில் அதை எழுதுகிற ஆள் நான். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் எழுதிக் கொடுப்பேன். ஒருவருக்கும் ஒரு சதம் ஈயாதவரைச் 'சிக்கனத்தின் சிகரம்' என்பேன். வாயே திறக்காதவர் 'அமைதியின் உறைவிடம்'. கண்டவரோடெல்லாம் சண்டை பிடித்தவர் 'நெஞ்சில் பட்டதை நேரே உரைக்கும் நேர்மையாளர்'. வீட்டுக்காரர் வாசித்துக் கண்ணைத் துடைப்பார்கள். அவர்களுக்கும் உண்மை தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது பொய்யில்லை, மரியாதை. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை அலங்காரத்தை வெட்டுவேன். சனி ஞாயிறில் அதையே அள்ளிப் போடுவேன். இரண்டையும் ஒரே மேசையில் வைக்காதவரைக்கும் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முந்தி, நோர்வேயின் முதல் நீர்மூழ்கிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதாகத் தீர்மானித்தார்கள். அதில் ஒரு தொல்லைபிடித்த உருப்படி இருந்தது. முதலாம் உலகப் போருக்கு முன் நோர்வேக் கடற்படை ஜேர்மனியில் சில நீர்மூழ்கிகளைக் கட்டக் கொடுத்தது. மற்றவை ஒழுங்காக வந்து சேர்ந்தன. கடைசி ஒன்று கீல் நகரத்துக் கட்டுதளத்தில் நிற்கும்போதே போர் தொடங்கிவிட்டது. கட்டியவர்கள் அதைக் கொடுக்கவில்லை. எங்களுக்கே தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நோர்வே அந்தப் போரில் யார் பக்கமும் சேரவில்லை. ஆனால் நோர்வேக்கென்று கட்டிய நீர்மூழ்கி ஜேர்மன் கொடியோடு போருக்குப் போனது.

போய் என்ன செய்தது என்று பார்த்தால், ஒன்றும் செய்யவில்லை. சில தடவை கடலுக்குள் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. ஒரு தோணியைக்கூட மூழ்கடிக்கவில்லை. பிறகு அதைப் புதியவர்களைப் பழக்குவதற்கு விட்டார்கள். போர் முடிந்ததும் பிரான்ஸ் எடுத்துக்கொண்டுபோய் உடைத்து இரும்பாக்கியது. கேட்டது ஒருவர், ஓட்டியது இன்னொருவர், உடைத்தது மூன்றாமவர். இப்படி ஒரு சீவியம் நடத்திய ஆள் எங்கள் சமூகத்தில் இறந்திருந்தால், நினைவு மலரில் முதல் பக்கத்தை நிரப்பவே நான் திணறிப்போயிருப்பேன்.

விளம்பரப் பிரிவில் இருந்த இளைஞருக்கு இந்த நீர்மூழ்கி பிடிக்கவேயில்லை. "ஒன்றையும் மூழ்கடிக்காத நீர்மூழ்கியைப் பார்க்க யார் வருவார்கள்? விட்டுவிடலாமே" என்றார். அதற்குள் பத்திரிகையில் ஒரு சிறு அறிவித்தல் போட்டிருந்தோம். இந்த நீர்மூழ்கிகளோடு சம்பந்தப்பட்ட பொருள் ஏதாவது வீட்டில் இருந்தால் சொல்லுங்கள் என்று. ஒரேயொருவர் அழைத்தார். பெயர் ஆர்வித், எண்பது வயதைத் தாண்டியவர், ஹவுகெட்டோவில் தனியே இருப்பவர். அவருடைய அப்பப்பா அந்தக் கடைசி நீர்மூழ்கியைப் பொறுப்பேற்கக் கீல் நகருக்குப் போன நோர்வேக்காரர்களில் ஒருவர், இயந்திரம் பார்ப்பவர். அதிலிருந்து கழற்றிய பித்தளைத் தகடு ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கப்பல் போரில் ஏதாவது செய்ததா? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். யாராவது நேரில் வந்து சொல்லுங்கள்."

இதைக் கூட்டத்தில் வைத்தோம். எல்லாரும் ஒரே மாதிரித்தான் விளங்கிக்கொண்டோம். பாவம், கிழவர் குடும்பத்தில் ஒரு வீரர் வேண்டுமென்று எதிர்பார்க்கிறார். அவரிடம் போய், உங்கள் அப்பப்பாவின் கப்பல் ஒன்றுக்கும் உதவாதது என்று யார் சொல்வது? நோர்வேஜியருக்குச் சங்கடம் வந்தால் கோப்பிக் கிண்ணத்தைப் பார்ப்பார்கள். எல்லாரும் பார்த்தார்கள். "நான் போகிறேன்" என்றார் இங்குன். இல்லையில்லை, உங்களுக்கு ஏற்கெனவே நிறைய வேலை என்று நாலு பேர் ஒரேயடியாகச் சொன்னோம். அவர் போனால் மனுஷன் அந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்பது எங்கள் பயம். ஹவுகெட்டோ நான் வீட்டுக்குப் போகிற பக்கத்தில் இருந்தது. அதைவிட, வயதானவர்களோடு பக்குவமாகக் கதைப்பது உங்கள் ஆட்களுக்குக் கைவந்தது என்று விளம்பரப் பிரிவு இளைஞர் சொன்னார். எனக்கும் உச்சி குளிர்ந்தது. போனேன்.

வரிசை வீடு. வாசலில் பழைய கார், அதன் கூரையில் சாரதிப் பயிற்சிப் பலகை வைத்த தழும்பு. ஆர்வித் வேலை செய்த காலமெல்லாம் கார் ஓட்டப் பழக்கியவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சமையலறையில் அச்சில் மாவை ஊற்றி வாஃபெல் சுட்டுக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு கைக்குட்டை, அதன்மேல் பித்தளைத் தகடு. நோர்வேஜிய எழுத்தில் 'குடிதண்ணீர்' என்று பொறித்திருந்தது. (அவர் என்னோடு பேசியதை எழுத்துத் தமிழில் தருகிறேன். அந்த மொழியில் எல்லாருக்கும் 'நீ'தான். என் மனம் கேட்காததால் 'நீங்கள்' ஆக்கியிருக்கிறேன்.)

வாஃபெல் சாப்பிட்டேன். சாப்பிட்ட வீட்டில் எடுத்த எடுப்பில் கெட்ட செய்தி சொல்வது எங்கள் வழக்கமில்லை. ஊரில் ஒருவர் இறந்தால்கூட, தூர இருக்கிறவர்களுக்குக் 'கொஞ்சம் சுகமில்லை, ஒருக்கால் வாருங்கோ' என்றுதான் செய்தி போகும். ஆகவே மெதுவாகத் தொடங்கினேன்.

"அது நல்ல கப்பல்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. செத்த வீட்டில் ஆள் பேசாமல் இருந்தால் இன்னும் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் அர்த்தம். சொன்னேன். "பல தடவை கடலுக்குப் போனது. தன் கடமையைச் செய்தது. போர்க்காலத்தில் அதன் சேவையைக் குறைத்து மதிப்பிட முடியாது."

அவர் வாஃபெல் அச்சை மூடியபடியே நின்றார். இன்னும் போதவில்லை என்று நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "ஒன்றையும் மூழ்கடித்ததாகப் பதிவில் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாமா பதிவானது? கடலுக்குள்ளே என்னென்ன நடந்ததோ, யார் கண்டது?"

வாஃபெல் கருகும் மணம் வந்தது. நான்தான் எழுந்து மின்சாரத்தை நிறுத்தினேன். ஆர்வித் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "நன்றி" என்றார். "வந்து சொன்னதற்கு நன்றி. இந்தத் தகட்டை இன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள். இது இனி இந்த வீட்டில் இருக்க வேண்டாம்."

ஏதோ பிழையாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னார்.

போர் தொடங்கியதும் கீல் நகரில் இருந்த நோர்வேக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். அவருடைய அப்பப்பா மட்டும் சில வாரம் நின்றார். நீர்மூழ்கி நோர்வேக்கென்று கட்டியது, ஆகவே குழாய்களிலும் வால்வுகளிலும் தகடெல்லாம் நோர்வேஜிய மொழியில் இருந்தது. எது காற்று, எது எண்ணெய், எது குடிதண்ணீர் என்று புதிதாக வந்த ஜேர்மன்காரருக்குத் தெரியவில்லை. தெரியாமல் தொட்டால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் செத்துவிடுவார்கள் என்று அப்பப்பா ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். பிறகு ஊருக்கு வந்தார். மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். அங்கே பக்கத்து வீட்டு இளைஞன் போன சரக்குக் கப்பல் திரும்பவில்லை. நீர்மூழ்கி அடித்துவிட்டது என்று செய்தி வந்தது. எந்த நீர்மூழ்கி என்று செய்தியில் இல்லை. அப்பப்பா யாரிடமும் கேட்கவில்லை. அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை.

"அவரும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை" என்றார் ஆர்வித். "என் மகள் கைத்தொலைபேசியில் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். தொடாதே என்று தடுத்தேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. தெரியாமல் சாகவும் விருப்பமில்லை. அதுதான் கூப்பிட்டேன். இன்றைக்குத் தெரிந்துவிட்டது."

அவருக்கு வீரர் தேவைப்படவில்லை. வெறும் பூச்சியம் தேவைப்பட்டது. அந்தப் பூச்சியம் என்னிடம் சுத்தமாக, முழுதாக இருந்தது. அதைத்தான் நான் பூவால் மூடிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

"இல்லை, ஆர்வித். அது ஒன்றையும் மூழ்கடிக்கவில்லை. ஒன்றைக்கூட இல்லை" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீங்கள் நல்ல மனிதர். நான் கவலைப்படுவதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்."

"மகளைக் கைத்தொலைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் அப்படித்தான் இருக்கும்."

"பதிவில் எல்லாம் இருக்காது என்று நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள்?"

பிறகு அவரே தகட்டைக் கைக்குட்டையில் சுற்றி என் பையில் வைத்துவிட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டில் என் மனைவி றீற்றா முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். கேட்டு முடிந்ததும் தலையில் கை வைத்தாள். "செத்த ஆக்களுக்கு எழுதி எழுதிப் பழகிட்டியள். உயிரோடை இருக்கிற மனிசனிட்டைப் போய் நினைவு மலர் வாசிச்சிட்டு வந்திருக்கிறியள்."

"மரியாதைக்குத்தானே சொன்னனான்."

"ஓம், மரியாதைதான். அந்தாள் இண்டைக்கு நித்திரை கொள்ளுமோ?"

"இப்ப நான் உண்மையைச் சொன்னாலும் நம்பாதாம். என்னத்தைச் செய்யிறது?"

"உங்கடை இங்குனைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் றீற்றா. "அந்த மனிசிக்கு முகத்துக்காகக் கதைக்கத் தெரியாது."

காலையில் இங்குனிடம் நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்து 'யா' என்று சொல்லி, மேலங்கியை எடுத்தார். ரயிலேறி ஹவுகெட்டோவுக்குப் போனோம்.

ஆர்வித் எங்களைப் பார்த்ததும் திகைத்துவிட்டார். ஆனாலும் வாஃபெல் மாவை எடுத்தார். "வேண்டாம், எனக்குப் பசியில்லை" என்றார் இங்குன். அவர் வாஃபெலை மறுத்ததும் எனக்குத் திக்கென்றது. மேசையில் உட்கார்ந்து, தன் முறைப்படி தொடங்கினார்.

"எங்களுக்குத் தெரியாததை முதலில் சொல்கிறேன். உங்கள் அப்பப்பா அந்த வாரங்களில் யாரோடு என்ன பேசினார் என்று தெரியாது. இனித் தெரிந்தது. அந்த நீர்மூழ்கி சில தடவை கடலுக்குப் போனது. ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. அது அவ்வளவாக உதவாத நீர்மூழ்கி. பிறகு அதில் புதியவர்களைப் பழக்கினார்கள்."

நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மெதுவாகத் தட்டினேன். அதோடு நிறுத்தினால் போதும் என்பது என் எண்ணம். அவர் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்துவிட்டு, "ஏன் தட்டுகிறீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லை" என்றார். பிறகு ஆர்வித்தைப் பார்த்துத் தொடர்ந்தார். "அதில் பழகியவர்கள் வேறு நீர்மூழ்கிகளுக்குப் போனார்கள். அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மூழ்கடித்திருக்கலாம்."

எனக்கு அந்த நேரம் இங்குனைத் தூக்கி யன்னலுக்கு வெளியே போடலாம் போல இருந்தது. மனுஷன் கரைக்கு வரும்போது மறுபடியும் தள்ளிவிடுகிறாரே என்று எரிச்சல் வந்தது. ஆர்வித் தகடு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவரும் எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறாரா?"

"ஆறுதலா?" என்றேன். "ஆர்வித், இவர் என் மகளின் கலியாணத்துக்கு வந்தவர். எப்படி இருந்தது என்று மரியாதைக்குக் கேட்டேன். சாப்பாடு பிந்திவிட்டது, பேச்சுகள் நீளம், பாட்டு காதைக் கிழித்தது, பெண்ணுக்குச் சேலை பாரம் போலத் தெரிந்தது என்றார். என் மனைவிக்கு முன்னால் சொன்னார். இவருக்கு ஆறுதல் சொல்ல வராது. நான் இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்து பார்த்தவன்."

"மீன் நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்" என்றார் இங்குன்.

ஆர்வித்தின் வாயோரம் மெல்ல அசைந்தது. "பழக்கினார்கள்" என்று தனக்குள் சொன்னார். "நான் வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டப் பழக்கினேன். அவர்களில் சிலர் ஆட்களை மோதியிருப்பார்கள். எனக்குத் தெரியாது. அதற்காக நான் நித்திரை கொள்ளாமல் இருந்ததில்லை." நிமிர்ந்து இங்குனைப் பார்த்தார். "ஒன்றையும் இல்லையா?"

"ஒன்றையும் இல்லை."

அவர் அழுதார். சத்தமில்லாமல், முகத்தை மறைக்காமல் அழுதார். நான் எழுந்து தோளில் கை வைத்தேன். இங்குன் மாவுப் பாத்திரத்தைக் காட்டி, "இப்போது ஒரு வாஃபெல் சாப்பிடலாம்" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதி என் பிள்ளைகள் பரீட்சையில் பாஸானபோதும் இருந்ததில்லை.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "அந்தக் கடைசி வசனத்தை விட்டிருக்கலாமே?"

"விட்டிருந்தால் பிறகு எங்காவது வாசிப்பார்" என்றார் இங்குன். "வாசித்தால், நான் சொன்ன முதல் வசனத்தையும் நம்பமாட்டார்." அவரிடம் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது. எனக்கு மட்டும் அதைக் கற்க அவ்வளவு காலம் எடுத்தது.

அந்த நீர்மூழ்கி கண்காட்சியில் இடம்பெற்றது. விளம்பரப் பிரிவு இளைஞர் 'மர்மங்கள் நிறைந்த' என்று தொடங்கி ஒரு பலகை வாசகம் எழுதி வந்தார். இங்குன் பென்சிலை எடுத்தார். மிஞ்சியதில் ஒரு வசனம் இப்படி இருந்தது: 'இந்த நீர்மூழ்கி போரில் எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை.' அப்பப்பா வால்வுகளை விளங்கப்படுத்தியதையும் எழுத வேண்டும் என்று ஆர்வித் கேட்டார். மறைக்கப் போய்த்தானே இவ்வளவும் வந்தது என்றார். அதையும் சேர்த்தோம். தகட்டைப் பக்கத்தில் வைத்தோம்.

திறப்பு நாளில் ஆர்வித் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். அவரோடு அவரிலும் மூத்த ஒரு பெண்மணி, கையில் தடி. ஆஸ்த்ரி என்று பெயர். அந்தத் துறைமுகத்து ஊரில், அதே பக்கத்து வீட்டில் இன்னும் இருப்பவர். திரும்பாமல் போன இளைஞன் அவருடைய அப்பாவின் தம்பி. ஆர்வித் ஆளைத் தேடிப் பிடித்து, தானே தொலைபேசியில் அழைத்து, ஒன்றைக் காட்ட வேண்டும் வாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் குடும்பத்தோடு இந்தக் குடும்பம் பேசியது மூன்று தலைமுறைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆஸ்த்ரி நீண்ட தூரம் ரயிலில் வந்திருந்தார்.

நானும் இங்குனும் கொஞ்சம் தள்ளி நின்றோம். ஆர்வித் பலகைக்கு முன்னால் நின்று அந்த வசனத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "வாசித்தாயா? உன் சித்தப்பாவின் கப்பலை இது அடிக்கவில்லை."

ஆஸ்த்ரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக வாசித்தார். வாசித்துவிட்டு அவரைப் பார்த்தார். "எந்த நீர்மூழ்கியும் அடிக்கவில்லையே" என்றார். "மூடுபனியில் பாறையில் ஏறியது. அந்தக் கப்பலில் கொதிகலன் பார்த்த ஒருவர் தப்பிவந்து எங்கள் வீட்டில் இருந்து சொன்னார்."

"எப்போது?"

"நீங்கள் போன அடுத்த மாதம். எங்கள் அப்பா உங்கள் வீட்டுக்கும் சொல்ல ஓடினாராம். கதவு பூட்டியிருந்தது." ஆஸ்த்ரி தடியை மற்றக் கைக்கு மாற்றினார். "நீங்கள் ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. ஜேர்மனிக்குப் போய்வந்ததும் பெரிய மனிதராகிவிட்டார்கள், இனி எங்களோடு கதைக்கமாட்டார்கள் என்று இருந்துவிட்டோம். அப்பா கோபத்தோடுதான் செத்தார்."

ஆர்வித் பலகையிலிருந்து கையை எடுத்தார். நான் இங்குனைப் பார்த்தேன். அவர் முதல்முறையாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றார். எத்தனையோ குடும்பங்களின் துக்கத்துக்கு வசனம் எழுதியவன் நான். அன்றைக்கு எனக்கும் ஒரு சொல் வரவில்லை.

ஆஸ்த்ரி சுவரோரம் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"இதில் வந்து இரு. உன் அப்பாவுக்கு என்ன நடந்தது, அம்மா யார், உனக்கு எத்தனை பிள்ளைகள், எல்லாம் சொல்லு. என் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது."